மாடியில் குடியிருந்தவர்

அருள்புரம்,
18.8.2025

அன்புள்ள தம்பி வேலுவுக்கு,

அக்கா வினிதா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம். அங்கே பெங்களூரில் நீயும் கிருத்திகாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நீ ஏதோ எழுதுகிறாய். நான் குக்கரை இறக்கிவிட்டு வந்து பார்ப்பதற்குள் அழித்துவிடுகிறாய். கூப்பிட்டால் மீட்டிங் என்கிறாய். காகிதத்தில் எழுதியதை அழிக்க முடியாது பார், அதனால்தான். நீயும் காகிதத்திலேயே பதில் போடு.

விஷயம் அப்பாவின் பல்தான். மிச்சமிருந்த இரண்டும் ஆடியில் விழுந்துவிட்டன. பல்லடம் ரோட்டு டாக்டர் மேலும் கீழும் செட் கட்ட முப்பத்தைந்தாயிரம் கேட்கிறார். இட்லியைக்கூடப் பாலில் ஊறவைத்துத்தான் விழுங்குகிறார். நைட் டியூட்டிக்கு நான் கட்டிக் கொடுக்கிற சோறு பாதி நாள் அப்படியே திரும்பி வருகிறது. எழுபத்திரண்டு வயதில் நிட்டிங் கம்பெனி கேட்டில் வாட்ச்மேனாக உட்கார்ந்திருக்கிறவர் வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருக்கிறார். கேட்டால், "பசிக்கலீங் கண்ணு" என்கிறார்.

இன்கம் டாக்ஸ் ரீஃபண்ட் வந்ததும் தருகிறேன் என்று ஒவ்வொரு வருடமும் சொல்கிறாய். முந்தின வருடம் பன்னிரண்டாயிரம் வந்ததாகச் சொல்லி ஆறாயிரம் அனுப்பினாய். போன வருடம் ஐயாயிரம்தான் வந்தது என்று ஒன்றும் அனுப்பவில்லை. உன் சம்பளம் ஏறுகிறது, ரீஃபண்ட் மட்டும் இறங்குகிறது. அது ஏன் வருடத்துக்கு ஒரு மாதிரி வருகிறது என்று எனக்குப் புரியும்படி எழுது. இந்த வருடம் எவ்வளவு என்பதையும் எழுது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அக்கா

---

பெங்களூர்,
30.8.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அப்பாவும் நீயும் நலம் என்று அறிந்து மகிழ்ச்சி. கிருத்திகா உங்களை விசாரித்தாள்.

கையால் எழுதி எத்தனை காலமாயிற்று. விரல் வலிக்கிறது. நீ கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். ரீஃபண்ட் என்பது அரசாங்கம் கொடுக்கிற போனஸ் இல்லை அக்கா. கம்பெனி மாதாமாதம் என் சம்பளத்தில் உத்தேசமாக ஒரு வரி பிடித்துக் கட்டிவிடும். வருடம் முடிந்ததும் உண்மையான கணக்கைப் போட்டு நான் ரிட்டர்ன் தாக்கல் செய்வேன். பிடித்தது அதிகமாக இருந்தால் அதிகப்படி மட்டும் திரும்பி வரும். குறைவாக இருந்தால் நான்தான் கையிலிருந்து கட்ட வேண்டும்.

அந்தக் கணக்கு ஒவ்வொரு வருடமும் மாறும். ஒரு வருடம் போனஸ் கூட வரும். ஒரு வருடம் எல்.ஐ.சி. பாலிசி முடிந்துவிடும், அதற்கான கழிவு போய்விடும். ஃப்ளாட் லோன் வட்டி வருடா வருடம் குறையும். பேங்கில் வட்டி வந்தால் அதற்கு வரி. பழைய வரி முறையா புதிய வரி முறையா என்பதைப் பொறுத்தும் மாறும். கம்பெனியே சரியாகப் பிடித்துவிட்டால் ஒன்றுமே வராது. ஆக, ரீஃபண்ட் குறைந்தால் ஏமாற்று வேலை என்று அர்த்தம் இல்லை.

இந்த வருடம் இன்னும் வரவில்லை. எல்லோருக்கும் தாமதமாகிறது என்கிறார்கள். வந்ததும் பல்லைப் பார்ப்போம். அதுவரை மிக்ஸியில் அடித்துக் கொடு.

ஃப்ளாட் தவணை, கார் தவணை என்று எனக்கும் கழுத்துவரை இருக்கிறது அக்கா. உனக்காவது வாடகை இல்லாத வீடு. அந்த வகையில் நீ கொடுத்துவைத்தவள்.

அன்புடன்,
வேலு

---

அருள்புரம்,
9.9.2025

அன்புள்ள வேலுவுக்கு,

இங்கு சுகம். உன் விரல் வலி தேவலையா.

நன்றாகவே விளக்கியிருக்கிறாய். பன்னிரண்டாவது பெயிலானவளுக்கும் புரிந்தது. திரும்பி வருவது புதுப் பணம் இல்லை, உன் சொந்தச் சம்பளம்தான் சுற்றிக்கொண்டு வருகிறது என்கிறாய். அப்படியென்றால் அப்பாவின் பல்லுக்கு ரீஃபண்ட் வரும்வரை எதற்காகக் காத்திருக்க வேண்டும்? சம்பளம் மாதாமாதம்தானே வருகிறது? கேட்டதில் தப்பிருந்தால் மன்னித்துக்கொள்.

கொடுத்துவைத்தவள் என்று எழுதியிருந்தாய். புருஷன் வீட்டிலிருந்து ஒரு பையோடு வந்து, அப்பாவுக்குச் சமைத்துப் போட்டு, பனியன் கம்பெனி செக்கிங் டேபிளில் நின்றுகொண்டே வேலை பார்த்து, இராத்திரி காலில் தைலம் தேய்த்துக்கொள்கிறவளைக் கொடுத்துவைத்தவள் என்று நீ ஒருவன்தான் சொல்கிறாய்.

இன்னொன்று. அப்பா தன் பேன் கார்டைத் தேடுகிறார். பேங்கில் கேட்கிறார்களாம். முன்பு ஒரு பொங்கலுக்கு வந்தபோது இன்சூரன்ஸில் சேர்க்கிறேன் என்று நீ வாங்கிக்கொண்டு போனாயாம். இன்சூரன்ஸும் வரவில்லை, கார்டும் வரவில்லை. மறக்காமல் அனுப்பிவை.

அன்புடன்,
அக்கா

---

பெங்களூர்,
12.10.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல். அட்வான்ஸ் தீபாவளி வாழ்த்துகள். கிருத்திகா உனக்கு ஒரு சேலை எடுத்திருக்கிறாள், கூரியரில் வரும். அப்பாவுக்கு இரண்டாயிரம் ஜிபே செய்திருக்கிறேன். இந்த முறை கிருத்திகா வீட்டில் தீபாவளி, அதனால் வர முடியாது. ரீஃபண்ட் இன்னும் வரவில்லை. வேலை தலைக்குமேல் இருக்கிறது, அதனால் சுருக்கமாக முடிக்கிறேன்.

அன்புடன்,
வேலு

---

அருள்புரம்,
24.11.2025

அன்புள்ள வேலுவுக்கு,

அப்பா சுகம். சேலை வந்தது. பேன் கார்டு வரவில்லை, அதைப் பற்றி நீ ஒரு வார்த்தையும் எழுதவில்லை.

சனிக்கிழமை அப்பா பெயருக்கு இன்கம் டாக்ஸ் ஆபீசிலிருந்து ரிஜிஸ்டர் தபால் வந்திருக்கிறது. மனிதர் பயந்துபோய்விட்டார். ஆயுசில் வரி கட்டுகிற அளவுக்குச் சம்பாதித்ததே இல்லையே என்று. பஸ் ஸ்டாப் ஜெராக்ஸ் கடை அருள்செல்வனிடம் எடுத்துக்கொண்டு போனோம். அவன் படித்துப் பார்த்துவிட்டு, "ஏனுங்கக்கா, ஐயாவுக்கு மாசம் இருவதாயிரம் வாடகை வருதுன்னு சொல்லவே இல்லீங்களே" என்கிறான். கடையில் நாலு பேர் திரும்பிப் பார்க்கிறார்கள்.

வேல்குமார் என்பவர் உங்களுக்கு வீட்டு வாடகை கொடுப்பதாகக் கணக்குக் காட்டியிருக்கிறார், உங்கள் பேன் நம்பர் கொடுத்திருக்கிறார், முதல் வருடம் மாதம் பத்தாயிரம், அடுத்த வருடம் பதினைந்து, அதற்கடுத்து இருபது, இது உண்மையா, நீங்கள் வாங்கினீர்களா என்று கேட்டிருக்கிறார்கள். ஜனவரி பதினைந்துக்குள் பதில் வேண்டுமாம்.

இது வேறு ஏதோ வேல்குமார் என்றுதான் நான் அருள்செல்வனிடம் சொன்னேன். வீட்டுக்கு வருகிற வழியில் அப்பா, "ஏங்கண்ணு, எத்தன மாசமாக் குடுக்கறானாமா?" என்று மட்டும் கேட்டார்.

நீயல்ல என்று எழுது. உடனே எழுது.

அக்கா

---

பெங்களூர்,
27.11.2025
ஸ்பீடு போஸ்ட்

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். பதற்றப்படாதே. அப்பாவையும் பதற்றப்படுத்தாதே. அந்தத் தபாலை இனி யாரிடமும் காட்டாதே, முக்கியமாக அந்த ஜெராக்ஸ் கடைக்காரனிடம்.

இது சின்ன விஷயம். சம்பளக்காரன் வாடகை கொடுத்தால் அந்தத் தொகையில் ஒரு பகுதிக்கு வரி கிடையாது. பெற்றவர்களுக்கே வாடகை கொடுத்தாலும் செல்லும். சட்டத்திலேயே அனுமதி இருக்கிறது. கொரோனா சமயத்தில் நம் வீட்டில் உட்கார்ந்துதானே வேலை பார்த்தேன்? கம்பெனி ரெக்கார்டில் இன்னமும் திருப்பூரில் இருந்து வேலை செய்கிறவன் என்றுதான் இருக்கிறது. எங்கள் ஆபீசில் பாதிப் பேர் இப்படித்தான் செய்கிறார்கள். அப்பாவுக்கு இதில் ஒரு ரூபாய்கூட வரி வராது, அவர் வயதுக்கு விலக்கு உண்டு. யாருக்கும் நஷ்டமில்லை.

இத்துடன் ஒரு தாள் டைப் செய்து வைத்திருக்கிறேன். அப்பா அதில் கையெழுத்துப் போட்டால் போதும், மற்றதை என் ஆடிட்டர் பார்த்துக்கொள்வார். போடாவிட்டால்தான் சிக்கல். இந்த வருட ரீஃபண்டை நிறுத்திவைத்ததோடு, இதுவரை வந்ததில் அறுபதாயிரத்துக்குமேல் திரும்பக் கட்டச் சொல்வார்கள். அதற்கு வட்டி. அதற்குமேல் அபராதம், அது இரண்டு மடங்குவரை போகும். கம்பெனிக்குத் தெரிந்தால் வேலையும் போகும். கிருத்திகாவுக்கு இது எதுவும் தெரியாது.

பேன் கார்டையும் இதில் வைத்திருக்கிறேன்.

தம்பி உன்னைத்தான் நம்பியிருக்கிறேன் அக்கா.

வேலு

---

அருள்புரம்,
5.12.2025

வேலு,

சுகம் விசாரிக்க மனசு வரவில்லை. இருந்தாலும் கேட்கிறேன், சுகமா?

நீ அனுப்பிய தாளைப் படித்தேன். "எனக்குச் சொந்தமான வீட்டின் மாடிப் பகுதியில் என் மகன் வேல்குமார் வாடகைக்குக் குடியிருந்து, மாதாமாதம் ரொக்கமாக வாடகை செலுத்தி வருகிறார்." மாடியா? நம் வீட்டுக்கு ஏதடா மாடி? ஆஸ்பெஸ்டாஸ் கூரைமேல் பூனை ஏறினாலே கீழே தூசி கொட்டுகிறது. எந்த மாடியில் நீ குடியிருந்தாய்? கூடவே பழைய ரசீதின் நகல் வேறு ஒட்டியிருக்கிறாய், ரெவின்யூ ஸ்டாம்பின் மேல் இங்கிலீஷில் அப்பா கையெழுத்து. அப்பாவுக்கு இங்கிலீஷில் தன் பெயரை எழுதத் தெரியாது என்பதுகூட உனக்கு மறந்துபோய்விட்டது.

குமட்டுகிறது வேலு. பேச்சுக்குச் சொல்லவில்லை. அன்று இராத்திரி சாப்பிட உட்கார்ந்து, அப்பா தட்டில் குழைந்த சோற்றைப் பார்த்ததும் எழுந்துபோய் வாந்தி எடுத்தேன். அப்பாவுக்கு மாதம் இருபதாயிரம் கொடுக்கிறேன் என்று சர்க்காரிடம் சொல்லிவிட்டு, அவர் வாய்க்குள் ஒரு பல் வைக்க மூன்று வருடமாகச் சாக்குச் சொல்லியிருக்கிறாய். அவர் வாட்ச்மேன் யூனிபார்மை வாரம் இரண்டு தடவை நான் துவைக்கிறேன். காலரில் கை வைக்கும்போதெல்லாம் உன் முகம்தான் ஞாபகம் வருகிறது. ச்சீ என்று இருக்கிறது.

ரீஃபண்ட் ஏன் வருடா வருடம் மாறுகிறது என்று கேட்டேன். போனஸ், லோன் வட்டி, எல்.ஐ.சி. என்று பக்கம் பக்கமாக எழுதினாய். நான் தினமும் செக்கிங் டேபிளில் நிற்கிறவள். ஓட்டை பீஸை அடியில் வைத்து நல்ல பீஸை மேலே அடுக்கி அனுப்புகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். உன் கடிதமும் அப்படித்தான் இருந்திருக்கிறது. சொன்னது எல்லாம் நிஜம், முக்கியமானது மட்டும் அடியில். கொடுக்காத வாடகையை நீ எவ்வளவு ஏற்றினாயோ அவ்வளவு உன் ரீஃபண்ட் ஏறியிருக்கிறது. எனக்கு மட்டும் வருடா வருடம் இறக்கிச் சொல்லியிருக்கிறாய்.

யாருக்கும் நஷ்டமில்லை என்று எழுத உனக்கு எப்படிக் கை வந்தது?

அந்தத் தாளை நான் அப்பாவிடம் நீட்டமாட்டேன். வேண்டுமானால் நீ வந்து நீட்டு.

வினிதா

---

பெங்களூர்,
14.12.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீ கோபத்தில் எழுதியிருக்கிறாய், நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆனால் யோசித்துப் பார். நான் திருட்டா பண்ணிவிட்டேன்? யாருடைய பணத்தை எடுத்தேன்? நான் உழைத்த சம்பளத்தில் பிடித்ததைத்தானே திரும்ப வாங்கினேன்? அரசாங்கத்துக்குக் கட்டுவதைக் காட்டிலும் நம் குடும்பத்தில் இருந்தால் நல்லதில்லையா?

வாடகை வாடகை என்று குதிக்கிறாய். அந்த வீட்டில் பத்து வருடமாக ஒரு பைசா கொடுக்காமல் இருப்பது நீதான். நான் ஒரு நாளாவது கேட்டேனா? அப்பாவுக்குப் பிறகு அந்த வீடு யாருக்கு வரும் என்று உனக்குத் தெரியும். மெயின் ரோட்டுப் பக்கம் என்பதால் குடோன் கட்டக் கேட்டு ஒருவர் இரண்டு தடவை என்னிடம் பேசிவிட்டார். நீ இருக்கிறாயே என்றுதான் நான் பிடிகொடுக்காமல் இருக்கிறேன். நாளைக்கு நீ எங்கே போவாய் என்று நினைத்துப் பார்த்து நடந்துகொள்.

கையெழுத்தை வாங்கி இருபத்தைந்துக்குள் அனுப்பு. அப்பாவிடம் இன்சூரன்ஸ் பேப்பர் என்று சொல், போட்டுவிடுவார். இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடு.

வேலு

---

அருள்புரம்,
22.12.2025

வேலு,

நலம். உன் கடிதத்தைக் கிழிக்கவில்லை. நேற்று ஞாயிற்றுக்கிழமை, அப்பாவுக்கு டியூட்டி இல்லை. அவரை உட்காரவைத்து முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை வாசித்துக் காட்டினேன். குடோன் விஷயத்தை மட்டும் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார்.

வினிதா

---

பெங்களூர்,
29.12.2025
ஸ்பீடு போஸ்ட்

என் தெய்வமான அப்பாவுக்கு,

மகன் வேல்குமார் பாதம் பணிந்து எழுதுவது. நாங்கள் நலம். தங்கள் தேக சௌக்கியத்துக்குப் பழனி ஆண்டவரை வேண்டிக்கொள்கிறேன்.

அக்கா கோபத்தில் எதையாவது திரித்துச் சொல்லியிருப்பாள். குடோன் விஷயம் சும்மா பேச்சுக்கு எழுதியது. உங்கள் மகன் உங்களைக் கைவிடுவேனா? பல்செட்டுக்கு ஐம்பதாயிரம் எடுத்து வைத்துவிட்டேன். சாதாரணமானது வேண்டாம், கோயமுத்தூரில் பெரிய டாக்டரிடமே கட்டிக்கொள்ளலாம். நீங்கள் கையெழுத்துப் போட்டு அனுப்பிய தாள் என் கைக்குக் கிடைத்த அன்றே பணம் வந்துவிடும்.

ஒரே ஒரு கையெழுத்து அப்பா. இல்லையென்றால் என் குடும்பம் தெருவுக்கு வந்துவிடும். அபராதம் கட்டக் காரை விற்க வேண்டி வரும். புதுத் தாள் வைத்திருக்கிறேன். இதில் மாடி என்று இல்லை, "ஒரு பகுதி" என்று மாற்றிவிட்டேன். தமிழிலேயே கையெழுத்துப் போட்டால் போதும்.

தங்கள் அன்பு மகன்,
வேல்குமார்

---

அருள்புரம்,
7.1.2026

திரு. வேல்குமார் அவர்களுக்கு,

நாச்சிமுத்து எழுதிக்கொண்டது. நலம். தங்கள் நலமும் தங்கள் துணைவியார் நலமும் அறிய வேண்டும்.

தாங்கள் அனுப்பிய இரண்டு தாள்களும் கிடைத்தன. கையெழுத்துப் போடவில்லை. திங்கட்கிழமை நானே இன்கம் டாக்ஸ் ஆபீசுக்கு நேரில் போனேன். ஒரு அம்மா உட்காரவைத்து விசாரித்தார். வேல்குமார் என் மகன், எனக்கு யாரும் எந்த மாதமும் வாடகை கொடுத்ததில்லை, ரசீதில் இருப்பது என் கையெழுத்து இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். வாய் குழறியதால் அந்த அம்மாவுக்கு நான் சொல்வது சரியாகப் புரியவில்லை. அதனால் எல்லாவற்றையும் எழுதியே கொடுக்கும்படி ஆயிற்று. நீங்களாகவே போய் உள்ளதைச் சொல்லிப் பணத்தைக் கட்டிவிட்டால் அபராதம் குறையலாம் என்று அந்த அம்மா சொன்னார். தங்களிடம் சொல்லச் சொன்னார், சொல்லிவிட்டேன்.

ஆறு நாள் யோசித்தேன். பெற்ற பிள்ளை ஆயிற்றே என்று ஒரு மனசு சொல்லிக்கொண்டுதான் இருந்தது. போட்டுக் கொடுத்துவிடலாமா என்று பேனாவைக்கூட எடுத்தேன். தாளைக் கையில் வைத்திருந்தபோது, கால் கழுவாமல் சோற்றுப் பானைப் பக்கம் வந்த மாதிரி அருவருப்பாக இருந்தது. பேனாவை மூடிவைத்துவிட்டேன்.

பல்செட்டுப் பணம் வேண்டாம். அதற்கென்று என் சம்பளத்திலும் கொஞ்சம் சேர்த்து வைத்திருந்தேன். அதைப் பத்திரச் செலவுக்கு எடுத்துக்கொண்டேன். பல் இல்லாமல் பழகிவிட்டது.

பத்திரம் எது என்று கேட்பீர்கள். தாங்கள் சர்க்காருக்குச் சொன்னதில் ஒன்று நிஜம். இந்த வீடு நாச்சிமுத்துவுக்குச் சொந்தம், தாங்கள் இதில் வாடகைக்கு இருப்பவர் என்று மூன்று வருடமாகக் கணக்குக் காட்டியிருக்கிறீர்கள். தறியில் உட்கார்ந்து நான் சம்பாதித்துக் கட்டிய வீடுதான் இது. சப்-ரிஜிஸ்ட்ராரும் அதையே சொன்னார், யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம் என்றார். நேற்று எழுதிவிட்டேன். நான் உயிரோடு இருக்கும்வரை இருந்துகொள்ளலாம் என்று அதில் எனக்கும் ஒரு வரி போட்டிருக்கிறது.

வாடகைக்கு இருப்பவர் காலி செய்யும்போது சாமானை எடுத்துப்போவது முறை. பின்னறையில் தங்கள் கட்டில், காலேஜ் புத்தகங்கள், கல்யாணத்துக்கு வந்த பாத்திரப் பெட்டி எல்லாம் இருக்கின்றன. பொங்கல் காப்புக்கட்டுக்கு முன்னால் வெள்ளையடிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்குள் வண்டி வைத்து எடுத்துக்கொள்ளவும். நான் டியூட்டி முடிந்து காலையில் தூங்குவேன், சத்தம் போடாமல் எடுக்கச் சொல்லவும்.

மேற்கொண்டு இந்த வீட்டு வாடகை பற்றி ஏதாவது பேச வேண்டியிருந்தால் என்னிடம் பேசிப் பயனில்லை. வீட்டுக்காரம்மாவிடம் பேசிக்கொள்ளுங்கள். பெயர் வினிதா.

இப்படிக்கு,
நா. நாச்சிமுத்து